டெங்குக்குப் பிறகு மலை ஏற்றம்: கால் முந்தும், நெஞ்சு பிந்தும்

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். உங்களுக்கு வயது 36. உப்புவெளியில் வீடு, அலுவலக வேலை, நாலு வருடமாக ரேசிங் சைக்கிள் ஓடுகிறீர்கள். ஏப்ரல் கடைசியில் டெங்கு வந்து ஒரு கிழமை வார்டில் இருந்தீர்கள். வீட்டுக்கு வந்து இப்போது ஆறு கிழமை. உடம்பு நாலு கிலோ இறங்கிவிட்டது. நிலாவெளி வரை மெதுவாகப் போய் வந்தாலே இதயத்துடிப்பு முன்பைவிட இருபது கூட அடிக்கிறது, மறுநாள் எழும்பப் பஞ்சியாக இருக்கிறது. மலைநாட்டில் இரண்டு ஏற்றப் போட்டிகளுக்குப் பெயர் கொடுத்திருக்கிறீர்கள். ஒன்று ஐந்து கிழமையில், மற்றது ஆகஸ்ட் கடைசியில், கம்பளைப் பக்கமிருந்து நுவரெலியாவுக்கு. ஓடலாமா, மலையே இல்லாத திருகோணமலையில் எப்படிப் பழகுவது, மெலிந்தது மலைக்கு நல்லதுதானே என்று மூன்று கேள்விகள்.

முதல் போட்டியை விட்டுவிடுங்கள். இரண்டாவதுக்குப் போகலாம் என்றே நினைக்கிறேன். ஏன் என்பதைத்தான் இனி எழுதப்போகிறேன். நான் வைத்தியர் இல்லை. உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், முப்பது வருடமாகச் சைக்கிள் ஓடுகிறவன், பிள்ளைகளைப் பழக்கியவன். டெங்கும் வந்து போனவன்.

2017 மார்ச்சில் கிண்ணியாவை டெங்கு போட்டு உலுப்பியது உங்களுக்கு நினைவிருக்கும். பள்ளிக்கூடங்களை மூடினார்கள். அந்த வருடம் நாடு முழுவதும் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு பதிவானது. அதில் நானும் ஒருவன். வார்டிலிருந்து விடும்போது குருதிச் சிறுதட்டு (பிளேட்லெட்) ஏறிவிட்டது, இனிப் பயமில்லை என்று சொன்னார்கள். அது உண்மைதான், ஆனால் சைக்கிள் ஓடுகிறவனுக்கு அது எவ்வளவு தூரம் உண்மை என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை, சொல்ல அவர்களுக்கும் தோன்றவில்லை. நாலாம் கிழமை காலில் தெம்பு வந்துவிட்டது போலிருந்தது. கந்தளாய்க்கு வெளிக்கிட்டேன். போகும்போது எல்லாம் சரி. திரும்பி வரும்போது தம்பலகாமம் சந்திக்குக் கிட்ட கண் இருண்டு, கை நடுங்கி, சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு நிலத்தில் இருந்துவிட்டேன். கடைக்காரர் ஒருவர் இளநீர் வெட்டித் தந்து, லொறி ஒன்றை மறித்து ஏற்றிவிட்டார். அந்த ஒரு நாளுக்கு நான் கொடுத்த விலை இரண்டு மாதம். படியேறினாலே நெஞ்சு படபடத்தது. அதனால்தான் உங்கள் கேள்வியைப் பார்த்ததும் வேறு வேலையை ஒதுக்கிவிட்டு எழுதுகிறேன்.

என்னை ஏமாற்றியது கால். நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டிய விசயமும் இதுதான். பயிற்சியை நிறுத்தினால் உடம்பில் எல்லாம் ஒரே வேகத்தில் குறைவதில்லை. தசையின் வலு மூன்று நாலு கிழமைக்குப் பெரிதாகக் குறையாது. முதலில் போவது குருதியிலுள்ள நீர்ப்பகுதி. பயிற்சி செய்கிறவனின் உடம்பில் குருதியின் அளவு கூடி இருக்கும், பயிற்சியை நிறுத்திய சில நாட்களிலேயே அது குறையத் தொடங்கும். குருதி குறைந்தால் இதயம் ஒரு அடிக்குத் தள்ளும் அளவு குறையும், அதே வேலைக்கு அது கூடத் தடவை அடிக்க வேண்டும். அமெரிக்க உடலியலாளர் எட்வர்ட் கோயிலும் அவருடைய குழுவும் 1984இல் இதை அளந்தார்கள். பல வருடம் பயிற்சி செய்த ஏழு பேர் 84 நாள் பயிற்சியை முற்றாக நிறுத்தினார்கள். உடம்பு எடுக்கக்கூடிய உச்ச ஒட்சிசன் முதல் மூன்று கிழமைக்குள் 7 வீதம் விழுந்தது, எட்டாம் கிழமையளவில் 16 வீதத்தில் வந்து நின்றது. ஆரம்பத்தில் விழுந்ததற்குக் காரணம் இதயம் ஒரு அடியில் தள்ளும் அளவு குறைந்ததுதான். தசைக்குள் இருக்கும் நுண்குழாய்கள் கடைசிவரை அப்படியே இருந்தன. வருடக்கணக்காக நீங்கள் கட்டிய வீட்டின் அத்திவாரம் போய்விடவில்லை என்பதற்கு அது சாட்சி, அந்த ஆறுதல் உங்களுக்கு இருக்கட்டும்.

அந்த ஏழு பேரும் சுகதேகிகள். உங்களுக்கு அதற்கு மேல் டெங்கு. டெங்கின் ஆபத்தான கட்டம் காய்ச்சல் விடுகிற நேரத்தில், 24 முதல் 48 மணித்தியாலம், அப்போது குருதிக் குழாய்களிலிருந்து நீர் வெளியே கசியும். வார்டில் நீங்கள் குடித்ததையும் போனதையும் அளந்து எழுதினார்களே, அது இதற்குத்தான். கசிந்த நீர் திரும்பிவிடும். ஆனால் ஈரல் பாதிக்கப்பட்டிருக்கலாம், அதன் நொதிகள் குருதியில் இறங்க வாரக்கணக்காகும். இதயத் தசையில் அழற்சி வருவது அரிது, வராது என்று சொல்ல முடியாது. குணமாகி வரும் முதல் நாட்களில் நாடி வழமையைவிட மெதுவாக அடிப்பது பலருக்கு நடக்கும், தானாகச் சரியாகும். ஆறு கிழமைக்குப் பிறகும் மெதுவான ஓட்டத்தில் இருபது அடி கூட என்றால் பெரும்பாலும் குருதி அளவும் பயிற்சியும் குறைந்ததுதான் காரணம். பெரும்பாலும் என்றுதான் எழுதினேன். அந்த மிச்சத்தை நீக்க வேண்டியது வைத்தியர்.

ஆகவே முதல் வேலையாக வைத்தியரிடம் போங்கள். போட்டிக்குப் பயிற்சி எடுக்கப் போகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அலுவலகத்துக்குப் போகலாமா என்ற கேள்விக்குரிய பதில்தான் கிடைக்கும். ஒரு ஈசீஜி, முழுக் குருதிப் பரிசோதனை, ஈரல் நொதிகள், இந்த மூன்றையும் கேளுங்கள். நெஞ்சு நோ, காரணமில்லாத படபடப்பு, மயக்கம், படுத்திருக்கும்போது மூச்சுத் திணறல், கால் வீக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும் சைக்கிளைத் தொடாதீர்கள், எக்கோ, அதாவது இதயத்தை ஒலியலையால் படம்பிடிக்கும் ஸ்கான், பார்க்க வேண்டி வரும். இதயத் தசை அழற்சி என்று வந்துவிட்டால் மூன்று முதல் ஆறு மாதம் போட்டி கிடையாது. அதில் பேரம் பேசுவதற்கு ஒன்றுமில்லை.

இரும்புச்சத்து மாத்திரை போடலாமா என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். பார்க்காமல் போடாதீர்கள். இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின், உடம்பில் அழற்சி இருந்தாலே கூடும், டெங்கில் அது மிகவும் கூடிவிடும். காய்ச்சலுக்குக் கிட்டிய நாளில் எடுத்த பெரிட்டின் அளவை வைத்து எனக்கு இரும்பு நிறைய இருக்கிறது என்று முடிவு கட்டுவதும் பிழை. இன்னும் சில கிழமை கழித்துப் பாருங்கள். பப்பாசி இலைச் சாறு குடித்தது போதும். சிறுதட்டு ஏறிவிட்ட பிறகு அதைக் கசக்கக் கசக்கக் குடிப்பதில் பலன் இல்லை. இன்னுமொன்று, இரண்டு மூன்று மாதத்தில் தலைமயிர் கொத்தாக உதிரக்கூடும். கடும் காய்ச்சலுக்குப் பிறகு அது நடப்பதுதான், திரும்ப முளைக்கும், பயப்படாதீர்கள்.

இனி அளவுகோல். கைக்கடிகாரம் காட்டும் வேகத்தையும் தூரத்தையும் ஒரு மாதத்துக்கு மறந்துவிடுங்கள். விடிய எழும்பியதும், தேத்தண்ணிக்கு முதல், படுத்தபடி ஐந்து நிமிடம் அசையாமல் கிடந்து நாடியை ஒரு நிமிடம் எண்ணுங்கள். பிறகு எழும்பி நின்று, ஒரு நிமிடம் கழித்துத் திரும்ப எண்ணுங்கள். இரண்டையும் கொப்பியில் எழுதுங்கள். படுத்த எண்ணிக்கை உங்கள் வழமையைவிட ஏழெட்டுக் கூட என்றால் அன்று ஓய்வு. படுத்ததற்கும் நின்றதற்கும் இடையில் பத்து, பதினைந்து, இருபது கூடுவது இயல்பு. முப்பதைத் தாண்டி, அதுவும் நாளுக்கு நாள் தாண்டினால் குருதி அளவோ நரம்பின் கட்டுப்பாடோ இன்னும் நிலைக்கவில்லை, வைத்தியரிடம் அந்தக் கொப்பியையே கொண்டுபோய்க் காட்டுங்கள். வாயால் சொல்வதைவிட இரண்டு கிழமைக் கணக்கு அவர்களுக்கு அதிகம் சொல்லும்.

இன்னொன்று, ஓடும்போது எப்படி இருந்தது என்பதை வைத்து நல்ல நாள், கெட்ட நாள் என்று தீர்மானிக்காதீர்கள். காய்ச்சலுக்குப் பிந்திய களைப்பு ஒரு நாள் பிந்தித்தான் கணக்குக் கேட்கும். இன்று ஓடிவிட்டு நாளை காலை எப்படி எழும்புகிறீர்கள் என்பதே இன்றைய ஓட்டத்துக்கான புள்ளி. மறுநாள் பஞ்சியாக இருந்தால் அந்த அளவு கூடிப்போச்சு, அடுத்த முறை மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள்.

முதல் இரண்டு கிழமை ஒன்றுவிட்ட ஒரு நாள், முப்பது நாற்பது நிமிடம். உப்புவெளியிலிருந்து டவுணுக்கு வந்து, டச்சுக் குடாக் கரையைச் சுற்றி, உட்துறைமுக வீதியால் போய்த் திரும்பினால் போதும். வேகம் எவ்வளவு என்றால், பக்கத்தில் வருகிற ஆளுக்கு நேற்று வீட்டில் நடந்ததை மூச்சு முறியாமல் சொல்லிக்கொண்டு போகக்கூடிய வேகம். வசனத்தின் நடுவில் காற்று வாங்க வேண்டி வந்தால் கூடிவிட்டது. கோணேசர் கோயில் ஏற்றத்துக்கு இப்போது போக வேண்டாம். கோட்டை வாசலில் மான்களைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். உவர்மலையும் வேண்டாம். மூன்றாம் நாலாம் கிழமை நிலாவெளி, அது நன்றாகப் போனால் குச்சவெளி திசையில் இன்னும் கொஞ்சம். தூரத்தைக் கூட்டலாம், வேகத்தைக் கூட்டக்கூடாது. இரண்டையும் ஒரே கிழமையில் கூட்டுகிறவன்தான் விழுகிறான்.

இது சலிப்பூட்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் குருதியின் நீர்ப்பகுதி திரும்புவது இந்த மெதுவான ஓட்டத்தில்தான், அதுவும் விரைவாகவே, ஓரிரு கிழமையில் வித்தியாசம் தெரியும். அதே நிலாவெளி ஓட்டத்தில் துடிப்பு முதலில் இருபது கூட, பிறகு பன்னிரண்டு கூட, பிறகு ஆறு கூட என்று இறங்குவதைக் கொப்பியில் பார்ப்பீர்கள். ஐந்துக்குள் வந்து, காலை நாடியும் நிலையாக ஒரு கிழமை நின்றால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். என் கணக்கில் அதற்கு நாலு அல்லது ஐந்து கிழமை எடுக்கும். முதல் போட்டி அந்த நேரத்தில்தான் வருகிறது. அதை விடச் சொன்னதன் காரணம் இப்போது விளங்கும். கட்டிய காசு போனால் போகட்டும். அன்று போய்ப் பார்வையாளராக நில்லுங்கள், மலையில் யார் எந்தக் கியரில் ஏறுகிறார்கள் என்று பாருங்கள், அது வீண் போகாது.

மலை இல்லை என்ற கவலைக்கு வருவோம். திருகோணமலைக்குப் பெயரில்தான் மலை இருக்கிறது, சைக்கிளுக்கு ஏற்ற மலை இல்லை என்று இங்குள்ள பையன்கள் குறைப்படுவார்கள். மலைக்குப் பதிலாக உங்களுக்கு இப்போது கச்சான் காற்று இருக்கிறது. மே தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து காய்ந்து அடிக்கிற அந்தக் காற்று, கண்டி வீதியால் கந்தளாய் நோக்கிப் போகிறவனுக்கு நேர் எதிரே நிற்கும்.

கணக்குப் பண்ணிக் காட்டுகிறேன். நீங்களும் சைக்கிளும் தண்ணீர்ப் போத்தலும் சேர்த்து 75 கிலோ என்று வையுங்கள். 5 வீதச் சரிவில், அதாவது 100 மீற்றருக்கு 5 மீற்றர் உயரும் பாதையில், மணிக்கு 12 கிலோமீற்றர் வேகத்தில் ஏற ஏறத்தாழ 140 வாட் வேண்டும். அதில் 120க்கு மேல் பாரத்தைத் தூக்குவதற்கே போகும். சமதரையில், மணிக்கு 20 கிலோமீற்றர் எதிர்க்காற்றில், 18 கிலோமீற்றர் வேகத்தில் போகவும் கிட்டத்தட்ட அதே அளவுதான் வேண்டும். இதயத்துக்கு இரண்டும் ஒன்றுதான். இன்னொரு ஒற்றுமை, கச்சானும் மலையைப் போல இடைவெளி தராது. மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிள் நின்றுவிடும். டவுண் ஓட்டத்தில் நாம் அறியாமலே மிதிக்காமல் விடுகிற நேரம் எவ்வளவு என்பது முதல்முறை கச்சானில் பாலம்போட்டாறு தாண்டிப் போகும்போது தெரியும்.

வித்தியாசமும் உண்டு, அதை மறைத்தால் மலையில் ஏமாறுவீர்கள். எதிர்க்காற்றில் உடம்பின் மேல் மணிக்கு 38 கிலோமீற்றர் காற்றுப் படுகிறது. ஏற்றத்தில் உங்கள் வேகமான 12 மட்டுந்தான். அதே வேலை, ஆனால் சூடு வெளியேற வழியில்லை. கம்பளைப் பக்கத்து அடிவாரத்தில் வெயில் எறித்தால் இது உங்களைப் பிடிக்கும். அடுத்தது மிதி. சமதரையில் சில்லு ஓடிக்கொண்டிருக்கும் வேகம் பெடலை மேல் புள்ளி தாண்ட உதவும். ஏற்றத்தில் அந்த உதவி குறைவு, முழுச் சுற்றுக்கும் கால் வேலை செய்ய வேண்டும். ஆகவே காற்றில் போகும்போது ஒரு கியர் பாரமாகப் போட்டு, நிமிடத்துக்கு 55, 60 சுற்றாக, இருக்கையில் இருந்தபடி, கைப்பிடியை இறுக்காமல் ஓடுங்கள். முதல் நாள் ஆறு நிமிடம், பிறகு ஐந்து நிமிடம் இலேசாக, திரும்ப ஆறு. அவ்வளவுதான். கிழமைக்கு ஒரு நாள், பிறகு இரண்டு நாள். ஆறு எட்டாகி, பன்னிரண்டாகி, ஆகஸ்ட் நடுவில் இருபது நிமிடம் இரண்டு முறை என்ற இடத்துக்கு வந்தால் போட்டிக்குப் போதும். இந்த ஓட்டத்தில் ஒரு சிறு வசனம் பேச முடிய வேண்டும், கதை சொல்ல முடியாமல் இருக்க வேண்டும். முழங்கால் முன்பக்கம் நொந்தால் கியரை இலேசாக்குங்கள், இருக்கை உயரத்தையும் பாருங்கள்.

கச்சான் நாளில் வெயிலைக் கவனியுங்கள். பத்து மணிக்குப் பிறகு கண்டி வீதியில் தார் கொதிக்கும். விடியப் புறத்திலேயே தென்னோலை ஆடினால் அன்று காற்றுப் பயிற்சி, ஓலை சும்மா நின்றால் இலேசான ஓட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்க்காற்றில் போய், பின்காற்றில் வீட்டுக்கு வருகிற திசையையே எப்போதும் தெரிவு செய்யுங்கள். நான் 2017இல் கந்தளாயிலிருந்து திரும்பியது பின்காற்றில், அதுவும் இல்லாதிருந்தால் அந்தச் சந்தி வரைகூட வந்திருக்க மாட்டேன். தனியே போகாதீர்கள். கிண்ணியாப் பாலம் பக்கம் போகிறவர்கள் அங்கே பக்கக்காற்றுக்குக் கவனமாக இருக்க வேண்டும், கிட்டத்தட்ட 400 மீற்றர் நீளத்துக்கு மறைப்பில்லாத இடம்.

கோணேசர் ஏற்றத்துக்கு ஆறாம் கிழமைக்குப் பிறகு போகலாம், விடியற்காலையில், வெள்ளிக்கிழமையும் திருவிழா நாளும் தவிர்த்து. நடந்து வருகிற சனங்களும் வயது போனவர்களும் இருக்கிற பாதை, கோட்டைக்குள் இராணுவ முகாமும் உண்டு. அங்கே வேகம் காட்ட இடமில்லை. கியர் மாற்றும் நேரத்தைப் பழகவும், இருக்கையிலிருந்து எழும்பி மிதிக்கப் பழகவும் மட்டும் அது நல்லது. ஏற்றம் தொடங்க முதலே கியரை இறக்க வேண்டும். பாரம் ஏறிய பிறகு மாற்றினால் செயின் கழன்றுவிடும்.

ஆகஸ்ட் முதல் பாதியில் ஒரு முறையாவது உண்மையான மலையைப் பார்த்துவிட்டு வாருங்கள். கண்டி பஸ் தம்புள்ளை, மாத்தளை வழியாகத்தான் போகிறது. மாத்தளையில் இறங்கி இரத்தோட்டை வழியே றிவர்ஸ்டன் பக்கம் ஏறும் பாதை எமக்குக் கிட்டிய நீண்ட ஏற்றம். உச்சிக்குப் போக வேண்டுமென்ற எண்ணத்தோடு போகாதீர்கள். ஒரு மணித்தியாலம் ஏறி, திரும்பி, இறக்கத்தைப் பழகுங்கள். எங்கள் ஊர்ப் பையன்களை மலையில் விழுத்துவது ஏற்றத்தைவிட இறக்கந்தான். அந்த மாதங்களில் மேற்குச் சரிவில் மழையும் பனிமூட்டமும் இருக்கும். ரிம்மைப் பிடிக்கிற பிரேக் நனைந்தால் முதல் சுற்றுகளில் பிடிக்காது, வளைவுக்கு நன்றாக முன்னே மெதுவாகத் தொட்டு ஈரத்தைத் துடைத்துவிட வேண்டும். வளைவுக்குள் போன பிறகு முன் பிரேக்கை அழுத்தினால் சில்லு வழுக்கும்.

கியர் பற்றி ஒரு வார்த்தை. யப்பானிலிருந்து வரும் பழைய ரேசிங் சைக்கிள்களில் முன் சிறிய பல்சக்கரம் 39 பல், பின்னே பெரியது 25 பல் என்று இருக்கும். உங்களுடையதும் அதுதான் என்று படத்தில் தெரிகிறது. அதில் மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் ஏறினால் நிமிடத்துக்கு 51 சுற்றுத்தான் மிதிப்பீர்கள். முன்னே 34, பின்னே 32 இருந்தால் அதே வேகத்தில் 75 சுற்று. குணமாகி வருகிற உடம்புக்கு இரண்டாவதுதான். குறைந்த சுற்றில் பாரமாக மிதித்தால் தசை சீக்கிரம் களைக்கும். பயிற்சிக்கு அது ஆறெட்டு நிமிடம் நல்லது, போட்டியில் மூன்று மணித்தியாலம் அப்படி மிதிக்க முடியாது. முன் தொகுதியை மாற்றச் செலவாகும். பின்னுக்கு 28 மட்டும் போட்டாலும் 57 சுற்று வரும், கையில் இருப்பது அவ்வளவுதான் என்றால் அதையாவது செய்யுங்கள். உங்கள் பின் கியர் மாற்றி எத்தனை பல் வரை தாங்கும் என்று திருத்துகிறவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

மெலிந்தது நல்லதா? இல்லை. மலையில் பாரம் குறைந்தால் இலேசு என்பது சரி. 75 கிலோவில் நாலு கிலோ என்றால் தூக்குகிற வேலை ஐந்து வீதம் குறையும். ஆனால் காய்ச்சலில் படுத்துக் குறைந்த நாலு கிலோவில் தசையும் உண்டு. பாரத்தோடு சேர்ந்து தள்ளுகிற வலுவும் போனால் இலாபம் எங்கே? இரண்டு கிலோவாவது திரும்ப வர வேண்டும். சூரை மீனும் நெத்தலியும் எங்கள் கரையில் கிடைக்கிற மாதிரி எங்கே கிடைக்கும்? முட்டை, பயறு, கௌபி, முருங்கையிலை, இரவில் நெஞ்சுக்கு இதமாகக் கஞ்சி. ஒவ்வொரு நேரச் சாப்பாட்டிலும் புரதம் ஏதாவது இருக்கட்டும். மெலிவை வைத்திருக்க வேண்டுமென்று இரவுச் சோற்றை விட்டதாக எழுதியிருந்தீர்கள், அதை இன்றைக்கே நிறுத்துங்கள், தம்பி.

தண்ணீர். ஒரு மணித்தியால ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் உடுப்பில்லாமல் நிறை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஒரு லீற்றர் வியர்வை, இடையில் குடித்ததையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். கச்சான் நாளில் மணித்தியாலத்துக்கு ஒரு லீற்றருக்கு மேல் போவது புதினமில்லை. வெறும் தண்ணீராகக் குடித்துத் தள்ளாமல் உப்போடு குடியுங்கள். வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் உப்புக் கரைசலான ஜீவனி நல்லது, ஆனால் அதைச் சாப்பாடாக எண்ண வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி ஒரு லீற்றர் கரைசலில் 13.5 கிராம் குளுக்கோசுதான் இருக்கிறது. நீண்ட ஓட்டத்தில் மணித்தியாலத்துக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் வரும், மிச்சத்தைப் பனங்கட்டித் துண்டோ பேரீச்சம்பழமோ நிரப்பும். போட்டிக் காலையில் இடியப்பமும் சொதியும், இரண்டரை மூன்று மணித்தியாலம் முந்தி. புதிய சாப்பாடு எதையும் அன்று பரீட்சிக்காதீர்கள். நோ மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுகிற பழக்கம் இங்கே சிலருக்கு உண்டு. டெங்கு நேரத்தில் இபுபுரோபன், டைக்ளோபெனாக், அஸ்பிரின் வேண்டாம் என்று சொன்னது குருதிப்பெருக்கு ஏற்படலாம் என்பதற்காக. குணமான பிறகும், வியர்த்து உடம்பு காய்ந்த நிலையில் அவை சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆகவே வேண்டாம்.

போட்டி நாள். கம்பளை ஏறத்தாழ 500 மீற்றரில் இருக்கிறது, நுவரெலியா 1,868 மீற்றரில். முழுத்தூரத்துக்கும் சராசரி பார்த்தால் சரிவு குறைவாகத் தெரியும், அந்தச் சராசரியை நம்பாதீர்கள். புசல்லாவை வரை இடையிடையே இளைப்பாற இடம் இருக்கும், றம்பொடையிலிருந்து லபுக்கலை தாண்டும் வரைதான் போட்டி. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிடக் குறைவு, நுவரெலியாவில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். உப்புவெளிக் கடல்மட்டத்தில் பழகிய நெஞ்சுக்கு அது தெரியும். முதல் பாதியில் கதை சொல்லும் மூச்சோடு போங்கள். மற்றவர்கள் முந்துவார்கள், முந்தட்டும். றம்பொடையில் காலில் தெம்பு மிச்சமிருந்தால் அங்கே செலவழிக்கலாம். உச்சியில் குளிரும், வியர்வையோடு நின்றால் நடுங்கும். மெல்லிய மழைச்சட்டை ஒன்றும் கையுறையும் முதுகுப் பையில் இருக்கட்டும்.

எங்கே நிறுத்துவது என்பதை வீட்டிலிருந்து வெளிக்கிட முதலே எழுதிவைத்துவிட்டுப் போங்கள், ஏற்றத்தில் நின்று அதைத் தீர்மானிக்க மூளை வேலை செய்யாது. நெஞ்சு இறுகினால், துடிப்பு ஒழுங்கில்லாமல் துள்ளினால், தலை சுற்றினால், வெயிலில் வியர்வை நின்று புல்லரித்தால் இறங்க வேண்டும். உங்கள் வீட்டுக்காரியிடமும் இதைச் சொல்லி வையுங்கள். போட்டிக்கு முந்திய கிழமையில் காலை நாடி மூன்று நாள் தொடர்ந்து கூடி நின்றால் போகவே வேண்டாம்.

கடைசியாக ஒன்று. டெங்கு வைரசில் நாலு வகை உண்டு. ஒன்று வந்து போனால் அந்த வகைக்குத்தான் நீண்டகாலப் பாதுகாப்பு, வேறு வகை இரண்டாம் முறை வந்தால் கடுமையாகும் வாய்ப்புக் கூட. சைக்கிள்காரர் வீட்டுப் பின்பக்கத்தில் பழைய டயர் கிடக்காத இடம் எனக்குத் தெரிந்து இல்லை, உங்கள் படத்திலும் மதிலோரம் மூன்று தெரிகிறது. டயருக்குள் தேங்குகிற ஒரு கோப்பைத் தண்ணீர் அந்த நுளம்புக்குப் போதும், முட்டையிலிருந்து பறக்கிற நுளம்பாக ஒரு கிழமை, பத்து நாள்தான் எடுக்கும். காய்ந்த டயரின் சுவரில் ஒட்டிய முட்டை மாதக்கணக்காக உயிரோடிருந்து அடுத்த மழைக்குப் பொரிக்கும். மாரி தொடங்க முதல் அவற்றை உள்ளே எடுத்துத் தூக்கிக் கட்டுங்கள், தேவையில்லாததைக் குப்பை வண்டிக்குக் கொடுத்துவிடுங்கள். காலை நாடிக் கணக்கை இரண்டு கிழமைக்கு எழுதி எனக்கும் அனுப்புங்கள், பார்த்துவிட்டு அடுத்த கட்டத்தைச் சொல்கிறேன்.